முன்னே நடந்தவர்: சே ரி பாக்

உலகத்தில் எத்தனையோ ஆட்டங்கள் இருக்க, தொலைக்காட்சியில் வந்தாலும் நம்மில் பெரும்பாலோர் வேறு சானலுக்கு மாற்றிவிடுகிற கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி, அதிலும் கொரியா தேசத்துப் பெண்மணி ஒருவரைப் பற்றி, இவ்வளவு நீளமாக எழுத வேண்டிய அவசியம் என்ன என்று இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிற நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அந்த ஆட்டத்தின் நுட்பங்களில் நாட்டம் இல்லாதவர்களும் இந்த வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒரு தேசம் தன் கஷ்ட காலத்தில் இருபது வயதுப் பெண் ஒருவரின் தோளில் தன் நம்பிக்கை முழுவதையும் ஏற்றி வைத்தபோது அவர் என்ன செய்தார், அந்தப் பாரம் அவரை அழுத்திக் கீழே தள்ளியபோது எப்படி எழுந்தார், தமக்குப் பின்னால் வந்த பெண்களின் தலையில் அதே பாரம் ஏறாதபடி எவ்வாறு பார்த்துக்கொண்டார் என்கிற மூன்று விஷயங்களும் விளையாட்டு மைதானத்தோடு முடிந்துபோகிறவை அல்ல. அந்தப் பெண்மணியின் பெயர் சே ரி பாக்.

அவர் 1977 செப்டம்பர் 28-ஆம் தேதி தென் கொரியாவின் தேஜான் நகரத்தில் பிறந்தார். பள்ளிக்கூடத்தில் தடை ஓட்டமும் குண்டு எறிதலும் பழகியவர். அந்தப் பழக்கம் கால்களுக்கும் தோள்களுக்கும் தந்த வலு, பிற்காலத்தில் அவருடைய கோல்ஃப் வீச்சுக்குப் பெரிய மூலதனமாயிற்று. கோல்ஃப் பக்கம் அவரைத் திருப்பியவர் தந்தை ஜூன் சுல். மகளிடம் அபூர்வமான சக்தி ஒன்று இருப்பதைக் கண்டுகொண்ட அந்த மனிதர், அதை வளர்ப்பதற்குக் கையாண்ட வழிகள் மிகக் கடுமையானவை. விடியற்காலையில் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கச் செய்தார் என்றும், பயம் என்பதே மனத்தில் தலைகாட்டக் கூடாதென்று இரவு நேரத்தில் இடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார் என்றும் அந்நாளில் பத்திரிகைகள் கதை கதையாக எழுதின. அவற்றில் அலங்காரம் எவ்வளவு கலந்திருந்தாலும், ஓய்வு என்பதை அறியாமலே தாம் வளர்ந்ததை அவரே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய வாழ்க்கையின் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கொரியாவில் அக்காலத்தில் கோல்ஃப் என்றால் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்றே சாமானிய ஜனங்கள் நினைத்தார்கள். பெண்கள் அதைத் தொழிலாகக் கொள்வது அபூர்வம். கூ ஓக் ஹீ என்ற வீராங்கனை 1988-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவுக்குச் சென்று, பெண்களுக்கான தொழில்முறைச் சங்கமாகிய எல்பிஜிஏ நடத்தும் பந்தயம் ஒன்றில் வென்று, அவ்வாறு வென்ற முதல் கொரியப் பெண் என்ற கீர்த்தியைப் பெற்றிருந்தார். ஆனால் சியோல் ஒலிம்பிக்ஸ் ஏற்பாடுகளில் மூழ்கிக் கிடந்த தேசம் அந்த வெற்றியை அதிகமாகக் கவனிக்கவில்லை. ஆகையால் பத்து வருஷங்களுக்குப் பிறகு சே ரி பாக் கிளம்பியபோது, பாதை ஏறக்குறைய புல் மூடித்தான் கிடந்தது.

1996-இல் அவர் தொழில்முறை ஆட்டக்காரராகி, சொந்த நாட்டிலேயே வெற்றிமேல் வெற்றி குவித்தார். சாம்சங் நிறுவனம் அவருடைய செலவுகளை ஏற்றுக்கொண்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அனுப்பி, டேவிட் லெட்பெட்டர் என்ற பிரசித்தி பெற்ற ஆசானிடம் சேர்த்தது. ஆங்கிலம் அவருக்கு அநேகமாகத் தெரியாது. பழக்கமான உணவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தாய்மொழியில் நாலு வார்த்தை பேச ஆள் இல்லை. அந்த நிலையிலேயே 1997-ஆம் ஆண்டின் இறுதியில் எல்பிஜிஏ தகுதிப் போட்டியில் கலந்துகொண்டு, கிறிஸ்டி கெர் என்ற அமெரிக்கப் பெண்ணோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில், ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை இத்தனை அடியில் போட்டுவிடுவது நியாயம் என்று மூன்று, நான்கு அல்லது ஐந்து என ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் ‘பார்’ என்று பெயர். பெரும்பந்தயங்கள் நான்கு நாள் நடக்கும். நாளுக்கு 18 வீதம் 72 குழிகளையும் யார் மிகக் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர். எதிராளி நம்முடைய பந்தைத் தொடுவதில்லை, நம்மைத் தடுப்பதும் இல்லை. கெடுத்துக்கொண்டாலும் திருத்திக்கொண்டாலும் எல்லாம் நம் கையால்தான். மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர் ஒருவரைத் தவிர வேறு துணை கிடையாது. நாலைந்து மணி நேரம் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருப்பதால், மனம் தன்னைத் தானே தின்பதற்கு இந்த ஆட்டத்தில் கிடைக்கும் அவகாசம் வேறெந்த ஆட்டத்திலும் கிடைக்காது. மனோதிடத்தை இவ்வளவு நிர்த்தாட்சண்யமாகப் பரீட்சிக்கும் விளையாட்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

சே ரி பாக் அமெரிக்காவில் தகுதி பெற்றுக்கொண்டிருந்த அதே மாதங்களில், அவருடைய தாய்நாடு பெரும் சங்கடத்தில் விழுந்தது. தாய்லாந்தில் ஆரம்பித்த நாணய நெருக்கடி 1997-இன் பிற்பகுதியில் கொரியாவைப் பிடித்து ஆட்ட, அந்நியச் செலாவணி வற்றிப்போய், டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் 2,100 கோடி டாலர் கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. பெரிய பெரிய கம்பெனிகள் சாய்ந்தன. வேலை என்பது ஆயுள் பரியந்தம் நிலைத்த சொத்து என்று நம்பியிருந்த ஆண்கள் திடீரென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த ஆண்டின் ஆரம்பத்தில், தேசத்தின் கடனை அடைக்க ஜனங்கள் தங்கம் கொடுத்த சம்பவம் சரித்திரப் பிரசித்தமானது. கல்யாண மோதிரங்களையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உற்றார் உறவினர் போட்ட சின்னஞ்சிறு மோதிரங்களையும், விளையாட்டு வீரர்கள் தாம் வென்ற பதக்கங்களையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சுமார் 35 லட்சம் பேர் கொடுத்தது 220 டன்னுக்கு மேல். கழுத்திலும் கையிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்ற அந்த ஜனங்களுக்கு, சந்தோஷப்படுவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது.

1998 மே மாதத்தில் அந்தக் காரணம் கிடைத்தது. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில் நடந்த எல்பிஜிஏ சாம்பியன்ஷிப், ‘மேஜர்’ என்று மதிக்கப்படும் உயர்ந்த பந்தயங்களில் ஒன்று. முதல் நாள் 65 அடிகளில் முடித்து முன்னணிக்கு வந்த சே ரி பாக், நான்கு நாளும் அந்த ஸ்தானத்தை விட்டுக்கொடுக்காமல் வென்றார். எல்பிஜிஏ பந்தயங்களில் அவருடைய முதல் வெற்றியே மேஜராக அமைந்தது. அதற்கு ஏழு வாரங்கள் கழித்து நடந்ததுதான், கொரியாவில் இன்றளவும் கோல்ஃப் தெரியாதவர்களும் நினைவு வைத்திருக்கும் காட்சி.

விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் என்ற சிற்றூர். அங்கே ஷெபாய்கன் ஆற்றங்கரையை ஒட்டி, பீட் டை என்ற நிபுணர் வகுத்த பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் அமெரிக்க மகளிர் ஓபன் நடந்தது. மைதானம் எவ்வளவு கடுமையானது என்பதற்கு, நான்கு நாள் முடிவில் முதலிடத்தில் நின்றவர்களின் கணக்கே பாருக்கு மேல் ஆறு அடிகள், அதாவது 290, என்பதே போதுமான சாட்சி. அந்த 290-இல் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் சே ரி பாக். மற்றவர் ஜென்னி சுவாசிரிபோர்ன். தாய்லாந்திலிருந்து மேரிலாந்துக்குக் குடியேறி உணவு விடுதி நடத்திய தம்பதியின் மகளான ஜென்னி, டியூக் பல்கலைக்கழகத்து மாணவி. பணத்துக்கு ஆடாத அமெச்சூர். ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில் ஏறக்குறைய 40 அடி தூரத்திலிருந்து அவர் உருட்டிய பந்து குழிக்குள் விழுந்தபோது, நம்ப முடியாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவருக்கும் வயது இருபதுதான். அக்கால விதிப்படி, மறுநாள் திங்கட்கிழமை இருவரும் இன்னொரு முறை 18 குழிகளையும் ஆடித் தீர்க்க வேண்டும்.

விஸ்கான்சினில் திங்கட்கிழமை பிற்பகல் என்றால் கொரியாவில் செவ்வாய்க்கிழமை விடியற்காலம். வேலை போனவர்களும் போகப் போகிறதோ என்று அஞ்சியவர்களும் தூக்கத்தை விட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொடக்கத்தில் பின்தங்கியிருந்த சே ரி பாக், ஓர் அடி, ஓர் அடியாக இடைவெளியைக் குறைத்து, 18-ஆவது குழிக்கு வரும்போது சமமாகிவிட்டார். அங்கே அவர் அடித்த முதல் பந்து இடதுபுறமாக வளைந்து, நீர்நிலையை நோக்கிச் சரிகிற செங்குத்தான கரையில், உயர்ந்த புல்லுக்குள் போய் மாட்டிக்கொண்டது. இன்னும் ஒரு சாண் உருண்டிருந்தால் தண்ணீருக்குள் போயிருக்கும்.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் அடியை அபராதமாக ஏற்றுக்கொண்டு, பந்தைக் கையால் எடுத்து வசதியான இடத்தில் போட்டு ஆடுவதற்கு விதி இடங்கொடுக்கிறது. விவேகிகள் அதைத்தான் செய்வார்கள். அவர் கரையோரத்தில் இறங்கிப் பார்த்தார், மேலே வந்தார், உதவியாளரோடு பேசினார், மறுபடியும் இறங்கிப் பார்த்தார். பந்து கிடந்த சரிவில் கால் ஊன்ற இடமில்லை. நிற்பதென்றால் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தவராக உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றினார். பிறகு காலுறைகளையும் கழற்றினார். அப்போது உலகம் பார்த்த ஒரு காட்சியை, அந்த ஒளிப்பதிவைப் பார்க்கும்தோறும் என்னால் கடந்துபோக முடிவதில்லை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரையில் வெயிலில் காய்ந்து கறுத்திருந்த கால்கள், காலுறை மறைத்த இடத்திலிருந்து பாதம் வரையில் கோடு கிழித்தாற்போல வெள்ளை வெளேரென்று இருந்தன. எத்தனை ஆயிரம் மணி நேரம் அந்தப் பெண் வெயிலில் நின்றிருக்க வேண்டும் என்பதை அந்த இரண்டு நிறங்களும் ஒரு வார்த்தை பேசாமல் தெரிவித்துவிட்டன.

முழங்கால் அளவுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். நீர்த்தடைக்குள் கிடக்கும் பந்தை அடிக்கும்போது, வீசுவதற்கு முன்னால் மட்டை தரையையோ நீரையோ தொடக் கூடாது என்பது அக்கால விதி. ஆகையால் மட்டையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, பாதங்களுக்கு மேலே ஏறக்குறைய இடுப்பை நோக்கி உயர்ந்திருந்த சரிவில் பந்தைக் குறி வைத்து, அவர் ஒரே வீச்சாக வீசினார். புல்லும் மண்ணும் சிதற, பந்து எழும்பிப் பக்கவாட்டில் பத்திரமான இடத்தில் போய் விழுந்தது. அந்த அடியால் குழி அருகில் வந்துவிடவில்லை. அடுத்த அடியை அடிப்பதற்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவே. அந்தக் குழியில் அவருக்கு ஐந்து அடிகள் ஆயின. வெற்றியைக் கையில் வைத்திருந்த ஜென்னியும் பதற்றத்தில் ஐந்து அடிகளே எடுத்தார். இருவர் கணக்கும் 73. அதன் பிறகு, யார் முதலில் ஒரு குழியை வெல்கிறாரோ அவருக்கே கோப்பை என்ற முறையில் ஆட்டம் தொடர, இரண்டாவது குழியில் சே ரி பாக் பாருக்கு ஓர் அடி குறைவாக முடித்தார். 92 குழிகள் கடந்து கிடைத்த வெற்றி அது. அந்தப் பந்தயத்தில் அதுவரை வென்றவர்களில் மிக இளையவரும் அவரே.

கொரியா தேசம் அந்தக் கால்களைத் தன் கால்களாகவே பாவித்துக்கொண்டது. அரசாங்கம் தயாரித்த விளம்பரம் ஒன்றில், அவர் காலுறையைக் கழற்றித் தண்ணீரில் இறங்கும் காட்சியோடு, ராணுவ ஆட்சிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருந்த ‘சாங்னோக்சு’ என்ற பழைய பாடலை இணைத்து மீண்டும் மீண்டும் ஒளிபரப்பினார்கள். நாமும் இறங்கி அடித்தால் கரையேறிவிடலாம் என்ற செய்தி அதில் அடங்கியிருந்தது. மனம் ஒடிந்து கிடந்த ஜனங்களுக்கு அது மெய்யாகவே தைரியம் கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், ஒரு தேசத்துக்கே உருவகமாகிவிட்ட மனுஷி, அதன் பிறகு களைப்படைவதற்கும் தோற்பதற்கும் யாரிடம் அனுமதி கேட்பார்?

அவர் களைப்பைக் காட்டிக்கொள்ளவில்லை. ஓபன் முடிந்த அடுத்த வாரமே ஒஹையோ மாநிலத்துப் பந்தயத்தில் ஒரு நாள் 61 அடிகளில் முடித்து, ஒன்பது அடி வித்தியாசத்தில் வென்றார். அந்த மாதத்திலேயே இன்னொரு கோப்பை. முதல் வருஷத்தில் நான்கு வெற்றிகளும், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதும் வந்தன. இலையுதிர் காலத்தில் தாய்நாடு திரும்பியபோது விருந்துகள், வரவேற்புகள், பேட்டிகள் என்று ஓய்வொழிவில்லாமல் இழுக்கப்பட்ட அவர், காய்ச்சலோடு மருத்துவமனையில் போய்ப் படுத்தார். படுக்கையறை வரைக்கும் காமிராக்கள் தொடர்ந்தன. படுத்திருக்கும் பெண்ணையும் படம் எடுக்கத் தோன்றியது என்றால், அன்பும் வரம்பு கடந்தால் எப்படி இம்சையாக மாறுகிறது என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

அடுத்த ஐந்தாறு வருஷங்கள் அவருடைய ஆட்டம் சிகரத்தில் நின்ற காலம். ஸ்வீடனின் அன்னிகா சோரன்ஸ்டாமும் ஆஸ்திரேலியாவின் கேரி வெப்பும் உச்சத்தில் ஆடிய காலமும் அதுவே. ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற பட்டம் சே ரி பாக்குக்கு ஒரு தடவையும் கிட்டாமல் போனதற்கு அந்தப் போட்டியே காரணம். 2001-இல் இங்கிலாந்தின் சன்னிங்டேலில் பிரிட்டிஷ் ஓபனை வென்றபோது, இரண்டாவதாக வந்தவரும் மி ஹ்யூன் கிம் என்ற கொரியப் பெண்ணே. 2002-இல் எல்பிஜிஏ சாம்பியன்ஷிப் மறுபடியும் அவர் கைக்கு வந்தது. 2003-இல், ஆண்டின் சராசரி அடிகள் மிகக் குறைந்தவருக்குத் தரும் வேர் டிராஃபியைப் பெற்றார். அதே ஆண்டில் கொரியாவில் ஆண்களுக்கான தொழில்முறைப் பந்தயம் ஒன்றில் கலந்துகொண்டு, பாதியில் வெளியேற்றப்படாமல் நான்கு நாளும் ஆடிப் பத்தாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆண்களின் தொழில்முறைப் பந்தயத்தில் ஒரு பெண் அவ்வாறு நிலைத்து நின்றது, 1945-இல் அமெரிக்காவின் பேப் ஸஹாரியாஸுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

2004 மே மாதம் வர்ஜீனியாவில் ஒரு பந்தயத்தை வென்றதோடு, உலக கோல்ஃப் புகழ் மண்டபத்தில் இடம் பெறுவதற்கு வேண்டிய புள்ளிகள் பூர்த்தியாகிவிட்டன. வயது 26. அந்த மண்டபமே அவருடைய பால்யக் கனவு. கனவு கைகூடிய அந்த இடத்தில்தான் அவர் சரிந்து விழுந்தார். பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரலிலும் தோளிலும் காயங்கள். 2005-ஆம் ஆண்டின் பரிசுப் பணப் பட்டியலில் நூறாவது இடத்துக்கும் அப்பால் போய்விட்டார். சரீரம் ஒத்துழைக்கவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தை அவரே பிற்காலத்தில் சொன்னார்: கோல்ஃபைத் தவிர வேறொன்றும் தமக்குத் தெரியாது, எப்படிப் பயிற்சி செய்வது என்று கற்றுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள், எப்படி ஓய்வெடுப்பது என்று கற்றுக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை. ஆடாத நாளை என்ன செய்வது என்றே தெரியாத ஒருவருக்கு, ஆட்டம் கைவிட்ட நாள் எவ்வளவு சூனியமாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகையால்தான் 2006 ஜூன் மாதத்து வெற்றியை, தண்ணீரில் இறங்கிய வெற்றிக்கும் மேலாக நான் மதிக்கிறேன். மேரிலாந்தின் ஹாவ்ர டி கிரேஸ் என்ற ஊரில் எல்பிஜிஏ சாம்பியன்ஷிப். நான்கு நாள் முடிவில் அவரும் கேரி வெப்பும் சமம். ஒரே ஒரு குழியில் தீர்ப்பு. சுமார் 200 கஜ தூரத்திலிருந்து, ஹைப்ரிட் என்ற மட்டையால் அவர் அடித்த இரண்டாவது அடி, கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையில் இறங்கி, மெதுவாக உருண்டு, குழிக்குச் சில அங்குலங்கள் இப்பால் வந்து நின்றது. அதன் பின் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. 1998-இல் தேசமே கூட நின்றது. 2006-இல், இவருடைய காலம் முடிந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதியவர்களே அதிகம். இரண்டு வருஷ இருட்டிலிருந்து அவர் தாமாகவே நடந்து வெளியே வந்திருந்தார். எந்த விளம்பரத்துக்கும் பாட்டுக்கும் அந்த அடி பயன்படவில்லை. அது முற்றிலும் அவருக்கே சொந்தமானது.

2007-இல், பத்து ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறி, புகழ் மண்டபத்துக்குள் சென்ற முதல் கொரியர் ஆனார். மொத்தம் 25 எல்பிஜிஏ வெற்றிகள், அவற்றில் ஐந்து மேஜர்கள். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், அவரைக் காட்டிலும் அதிகம் வென்ற பெண்கள் பலர் உண்டு. அவருடைய கணக்கில் சேராத வெற்றிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அளவு தெரியும். 1998-இல் அந்த விடியற்காலையில், பத்து வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்த இன்பி பாக் என்ற சிறுமி, பெற்றோர் போட்ட ஆரவாரத்தில் விழித்து எழுந்து வந்து தொலைக்காட்சியைப் பார்த்தாள். சில தினங்களுக்குள் கையில் மட்டையைப் பிடித்தாள். அதே சிறுமி 2008-இல் 19 வயதில் அமெரிக்க மகளிர் ஓபனை வென்று, மிக இளையவர் என்ற சே ரி பாக்கின் பெருமையைத் தன்னதாக்கிக்கொண்டாள். இப்படி அந்தக் காட்சியைப் பார்த்து ஆட வந்த தலைமுறைக்குச் ‘சே ரி பிள்ளைகள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

பத்து வருஷங்களில் எல்பிஜிஏ பந்தயங்களில் ஆடிய கொரியப் பெண்களின் தொகை நாற்பதைத் தாண்டியது. அந்த வெள்ளத்தைக் கண்டு அமெரிக்காவில் சிலர் அஞ்சினார்கள் என்றே சொல்ல வேண்டும். 2008-ஆம் ஆண்டில், ஆங்கிலம் பேசத் தெரியாத ஆட்டக்காரர்களைத் தற்காலிகமாக நீக்கிவைப்போம் என்று சங்கம் ஒரு விதியை அறிவித்து, பலத்த கண்டனம் எழுந்தவுடன் சில வாரங்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2012-இல் மகளிர் ஓபன் மீண்டும் அதே பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்துக்கு வந்தது. வென்றவர் நா யோன் சோய். 1998-இல் தொலைக்காட்சியில் அந்த மைதானத்தைப் பார்த்த குழந்தைகளில் ஒருவர். அவரும் ஒரு குழியில் மூன்று அடிகளை வீணாக்கிப் பதறிப் பிறகு சமாளித்துக்கொண்டுதான் வென்றார். அந்தப் பந்தயத்தில் தாமும் ஆடிப் பத்து பேருக்குள் வந்திருந்த சே ரி பாக், 18-ஆவது கிரீனில் காத்திருந்து, அந்தப் பெண்ணின்மேல் ஷாம்பெயினைப் பீய்ச்சி, அணைத்துக்கொண்டார்.

2016-ஆம் ஆண்டில் ரியோ ஒலிம்பிக்ஸில், 116 வருஷங்களுக்குப் பிறகு பெண்கள் கோல்ஃப் மறுபடியும் இடம் பெற்றது. கொரிய அணிக்குப் பயிற்சியாளராகச் சென்றவர் சே ரி பாக். அணியில் இருந்த நால்வரும் உலகத்தின் முன்னணியில் இருந்தவர்கள். மட்டை பிடிக்கக் கற்றுத்தர வேண்டிய அவசியம் இல்லை. அவர்களுடைய சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனித்துக்கொள்வதும், தேசத்தின் எதிர்பார்ப்பு அவர்களை நெருங்காமல் நடுவில் நிற்பதுமே தம் வேலை என்று அவர் எடுத்துக்கொண்டார். கட்டைவிரல் காயத்தால் அந்த வருஷம் முழுவதும் அவதிப்பட்டிருந்த இன்பி பாக்கை அனுப்புவது சரிதானா என்று நாட்டில் பலர் கேட்டார்கள். அந்த இன்பி பாக், லிடியா கோ என்ற வீராங்கனையை ஐந்து அடி வித்தியாசத்தில் பின்னுக்குத் தள்ளித் தங்கப் பதக்கம் வென்றார். மைதானத்தின் ஓரத்தில் நின்ற பயிற்சியாளர் கண்ணீர் விட்டு அழுதார். அதே வருஷம் அக்டோபரில், இஞ்சானில் சொந்த ஜனங்களின் முன்னிலையில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2024-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் தன் உயர்ந்த கௌரவமாகிய பாப் ஜோன்ஸ் விருதை அவருக்கு அளித்தது. அதைப் பெற்ற முதல் கொரியரும் அவரே.

கஷ்டப்பட்ட குடும்பங்களில் மூத்த பெண் ஒருத்தி இருப்பாள். தான் பட்டதைத் தங்கைகள் படக் கூடாதென்று குறுக்கே நிற்பாள். அப்படிப்பட்ட பெண்களை நாம் அறிவோம். நேர்மாறானவர்களையும் அறிவோம். ‘நாங்கள் அந்தக் காலத்தில் பட்ட கஷ்டத்தில் நீங்கள் கால்வாசி பட்டிருப்பீர்களா?’ என்று கேட்டு, தம் துன்பத்தையே பின்னால் வருகிறவர்களுக்கு விதியாக எழுதி வைக்கிறவர்கள் அவர்கள். சே ரி பாக்கின் இளமையை நோக்கினால், அவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவராகியிருப்பதற்கு எல்லா நியாயமும் உண்டு. படிக்கட்டும் இருட்டும் காயமும் தம்மை உருவாக்கியதாகச் சொல்லி, அதையே இளையவர்களுக்கும் அவர் விதித்திருக்கலாம், தேசமும் கைதட்டியிருக்கும். அவரோ, பயிற்சியைப் போலவே ஓய்வையும் பழகிக்கொள்ளுங்கள், கோல்ஃபுக்கு வெளியிலும் உங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கட்டும் என்று இளைய ஆட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். புகழ் மண்டபத்தில் இருக்கும் பெயரைக் காட்டிலும் இந்த ஒரு குணமே அவருடைய உயர்ந்த சாதனை என்பது என் தீர்மானமான கருத்து.

இதை வாசிக்கிற பெற்றோர்களில் சிலர் மகளை அதிகாலையில் எழுப்பி, டென்னிஸ், நீச்சல், தடகளம், சதுரங்கம் என்று ஏதோ ஒரு பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்களாக இருக்கலாம். அது மிகவும் நல்ல காரியம், கைவிட வேண்டாம். ஆனால், தண்ணீரில் இறங்கி அடித்த அந்த ஓர் அடியை அவளுக்குக் காட்டும்போது, அதற்குப் பிறகு வந்த மருத்துவமனைப் படுக்கையையும் இரண்டு வருஷ இருட்டையும், அங்கிருந்து அவர் எழுந்து வந்த விதத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். உழைக்கக் கற்றுக்கொடுக்கிற அதே அக்கறையோடு இளைப்பாறவும் அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.